கூலி கேட்காத ஓடக்காரன்

சொல்லிக்கொள்ளாமல் போனாலும் இன்னும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற சூசைக்கு,

சித்ரா போய்விட்டாள்டா. போன வாரம் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தோம். அவள், அவள் அம்மா, அப்பா, இரண்டு தகரப் பெட்டி, சாக்கில் கட்டிய ஒரு அம்மிக்கல். "இந்தியாவுல கல்லு கெடைக்காதாம்மா?" என்று மணி கேட்டான். "கெடைக்கும்டா. பழகின கல்லு கெடைக்குமா?" என்றார் அவன் அம்மா.

மணி போகவில்லை. போக முடியாது. அப்பா குடும்பத்துக்கென்று போட்ட பிரஜாவுரிமை மனுவில் தங்கச்சி சித்ராவின் பெயர் இருந்தது. வயது வந்த மகன் என்று மணி தனியாகப் போட்டான். அவர்களை இந்தியா என்றார்கள், இவனை இலங்கை என்றார்கள். ஒரே லய வீட்டு வரிசையில், ஒரே காம்பரா அறையில் பிறந்த அண்ணனும் தங்கச்சியும் இரண்டு நாடு. இதைத் தீர்மானித்தவர்களில் ஒருவனாவது நம் மலைக்கு ஏறி வந்து நம் முகத்தைப் பார்த்திருப்பானா? கொழும்பிலும் டில்லியிலும் உட்கார்ந்து ஆடு மாடு போலத் தலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரொம்ப நாள் இழுத்துக்கொண்டிருந்த மணியின் அப்பா, கலவரத்தில் பஜார் எரிந்ததைப் பார்த்த பிறகு, "இனி போயிருவோம்" என்றார். அவ்வளவுதான்.

புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சித்ரா நான் வேலை செய்கிற புடவைக் கடைக்கு வந்தாள். வாங்க ஒன்றுமில்லை. கவுண்டரில் கிடந்த சீத்தைத் துணியைத் தடவிக்கொண்டே, "ராசு அண்ணே, கடைசியா ஒரு நாள் வெளயாடுவோமா?" என்றாள்.

"சூசை இல்லாமலா?"

"நீங்க கத சொல்லுங்க. ஆனா ஒன்னு. நான் நெனச்சே பாக்காத ஒன்னக் காட்டணும். ஒன்னே ஒன்னு. கப்பல்ல அத நெனச்சிக்கிட்டே போயிருவேன்."

அதைக் கொடுத்தேனா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

உனக்குப் பதிலாக இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு நம் விளையாட்டு தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மிஷன் பள்ளியில் ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பையன் திரும்பிப் போகும்போது ஒரு அட்டைப் பெட்டியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே பலகையும் இல்லை, காயும் இல்லை. இரண்டு மெல்லிய புத்தகம் மட்டும். ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். பூதம், மந்திரவாதி, குகை, புதையல். ஜெயிப்பது தோற்பது கிடையாது. கதை ஞாயிற்றுக்கு ஞாயிறு நீண்டுகொண்டே போகும்.

நீ கதைக்காரன். மணி வாள்வீரன் இரும்பன். சித்ரா, பூட்டுத் திறக்கிற திருடி, பெயர் பூனை. நான் அரைகுறை மந்திரவாதி. மஸ்கெலியாவில் பூசை முடிந்த பிறகு வேதப்பாட அறையில் உட்காருவோம். நாம் நாடகம் பழகுகிறோம் என்று சாமியார் கடைசிவரை நம்பினார். "இயேசு எப்பப்பா வருவார்?" என்று ஒருநாள் எட்டிப் பார்த்துக் கேட்டபோது, "மூணாவது காட்சியில, சாமி" என்று நீ கூசாமல் சொன்னாய்.

பெட்டியோடு வந்த பகடைகள் தொலைந்த பிறகு, ஒன்று முதல் இருபதுவரை எழுதிய துண்டுக் காகிதங்களைப் பால் டின்னில் போட்டுக் குலுக்கினோம். ஒரு வருஷத்தில் மணி எந்தக் காகிதத்தில் எந்த மடிப்பு என்று படித்துவிட்டான். இருபதில் வடை எண்ணெய் பட்டிருந்தது. கையை டின்னுக்குள் விட்டு, கண்ணை மேலே வைத்துக்கொண்டு, ஜெபம் பண்ணுகிறவன் போல அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுவான். அடுத்த ஞாயிறு டின்னில் காகிதம் இல்லை. எண் கீறிய தேயிலைக் கொட்டைகள் இருந்தன. மணி கையை விட்டதும் முகம் மாறியதே, ஞாபகம் இருக்கிறதா?

பழகினவர்களை ஏமாற்றுவது கஷ்டம், சூசை. எங்களுக்குப் பூதங்களின் சாதகமே மனப்பாடம். "அது வெட்ட வெட்ட மொளைக்கிற சாதி. நெருப்பு வையி" என்பான் மணி. "செவத்தத் தட்டிப் பாருங்க, உள்ள பொந்து இருக்கும்" என்பாள் சித்ரா. இருக்கும். புதையல் பெட்டியைக் கண்டால், அதுவே வாய் திறந்து கடிக்கிற பூதம் என்று கும்பிடு போட்டுவிட்டு விலகி நடப்போம். புத்தகத்தில் உள்ள அத்தனை தந்திரமும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பயம் போய்விட்டது. பயம் போனதும் விளையாட்டு வெறும் கணக்காகிவிட்டது.

அப்போதுதான் நீ பெயர் சொல்வதை நிறுத்தினாய். "முன்னால ஒன்னு நிக்கிது. மழையில ஊறின கம்பளி வாடை அடிக்கிது. மூச்சு விடுறது கேக்குது. நீங்க நின்னா அதுவும் நிக்கிது" என்பாய். என்ன பூதம் என்று கேட்டால், "எனக்கென்னடா தெரியும், கிட்டப் போய்ப் பாருங்க" என்பாய். புத்தகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அற்பப் பூதம்தான் அது. பெயரை எடுத்துவிட்டதும் ஒரு அடி முன்னே வைக்க மூன்று முறை யோசித்தோம். இன்னொரு நாள், ஊரையே அழித்த மலைப்பூதம் எங்களிடம் போரிடவில்லை; தன் பல்வலிக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டது. மணி அன்று வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பூதத்தை மாற்றாதே, அதற்கு என்ன வேண்டும் என்பதை மாற்று. இதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன் ஆட்டத்தை நினைத்து நினைத்து நானே கண்டுபிடித்தேன். சொல்லியிருக்கக் கூடாதா? நானும்தான் ஏன் கேட்கவில்லை?

அந்த அரண்மனையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. "மலை உச்சியில அரண்மனை. நாலு பக்கமும் மதில். முன்கதவு தெறந்து கெடக்கு" என்று ஆரம்பித்தாய். உள்ளே சிறைப்பட்டிருக்கிற பிள்ளையை மீட்க வேண்டும். மூன்று ஞாயிறு முட்டினோம். சித்ரா சாக்கடைக் குழாய்க்குள் புகுந்தாள். நான் மதிலேறி விழுந்தேன். கடைசியில் சமையல்கட்டுப் பக்கம் போய், அங்கே காத்திருந்த காவலர்களிடம் அடிபட்டு, மணியின் இரும்பன் செத்தே போனான்.

"இந்த அரமனைக்குள்ள போகவே முடியாதா? பொய்யாட்டம் ஆடுறடா நீ!" என்று மணி கத்தினான்.

நீ அமைதியாகச் சொன்னாய். "முன்கதவு தெறந்து கெடக்குன்னு மொத நாளே சொன்னேன்."

"காவல் இல்லையா?"

"இல்ல. நீங்க கேக்கவே இல்ல."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூன்று பேரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவுக்குப் போனால் முன்வாசல் பக்கம் கால் வைக்கக் கூடாது, செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் குசினிப் பக்கமாய்ப் போய் நிற்க வேண்டும் என்று பால்குடி மறப்பதற்கு முன்பே படித்தவர்கள். வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்த பிறகும் அந்தக் குசினிப் பக்க வழக்கம் மாறவில்லை. வாளும் மந்திரமும் கையில் இருந்தும், கற்பனையில்கூட, நாங்கள் பின்பக்கம்தான் போனோம். சித்ராதான் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணி அன்று உன்னோடு பேசாமலே பஸ் ஏறினான்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சியை எந்தப் பூதமும் எங்களுக்குக் கொடுத்ததில்லை. ஆனால் அதில் உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நீ இல்லாததால் அது முடியாமலே கிடக்கிறது.

உனக்கு வயிற்றுவலி வந்த அன்று நீ தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தாயாம். தோட்டத்து மருந்துக்காரர் ஏதோ கலக்கிக் கொடுத்தார். மத்தியானம் வயிறு பலகையாகிவிட்டது, ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கையை விரித்தார். உன் அப்பா லொறி கேட்கப் பங்களாவுக்கு ஓடினார். குசினிப் பக்கம் நின்றார். துரை சாப்பிடுகிறார், இரு என்று சமையல்கார அப்பு சொன்னான். அப்பா இருந்தார்.

கண்டக்டரான மணி தன் பஸ்ஸில் சேதி கொண்டுவந்து, நான் கடை வேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தபோதும் அவர் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு உன் அரண்மனை ஞாபகம் வந்தது. நேரே முன்வாசலுக்குப் போனேன், சூசை. செருப்போடு போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. துரை எழுந்து வந்தார். திட்டவில்லை. உட்காரச் சொன்னார். "லொறி தூள் பெட்டி ஏத்திக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருச்சே, தம்பி. வந்தவுடனே அனுப்புறேன்" என்றார். காருக்கு என்ன என்று கேட்டேன். அவர் மனைவி, நோனா, எடுத்துக்கொண்டு நுவரெலியா போயிருக்கிறார் என்றார். வருத்தப்படுகிற மனுஷன் போலத்தான் சொன்னார். குரலில் ஒரு பொய்யும் இல்லை.

இதை நீ எங்களுக்குச் சொல்லித் தரவில்லையே! திறந்த கதவுக்குள் நுழைந்தாலும் உள்ளே ஒன்றும் இல்லாமல் போகலாம் என்று. ஒரு தோட்டத்தில் ஆயிரம் உயிருக்கு ஒரு லொறி, அதுவும் தேயிலைக்கு. ஆளுக்கு முன்னால் தூள் போய்ச் சேர வேண்டும். இதற்கு எந்தக் கதவைத் தட்டுவது?

உன்னைக் கம்பளியில் போட்டுக் கம்பில் கட்டி ரோட்டுக்குச் சுமந்தோம். மணி தன் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கினான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஒரு சிங்கள அம்மா தன் தலையணையை உன் தலைக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். நோர்வூட் தாண்டும்போது நீ என் கையை விட்டாய். மணிக்கு நான் சொல்லவில்லை. அவன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு எதிரே வந்த வண்டிகளையெல்லாம் விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை கத்தினான்.

அதற்குப் பிறகு நாங்கள் விளையாடவில்லை. அந்தப் பால் டின் உன் அம்மாவிடம் இருந்தது. சித்ரா கேட்டுப் போனபோதுதான் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் முழுக்கத் துணி மடித்துக்கொண்டே யோசித்தேன். புதுப் பூதமா? சித்ரா சிரிப்பாள். புள்ளக்காம்பராவில் நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். பொய் சொல்கிற முகத்தைக் கதவுக்கு வெளியிலிருந்தே கண்டுபிடிப்பாள். துரோகம் செய்கிற கூட்டாளியா? நாங்கள் பார்க்காத துரோகமா? செத்தவன் திரும்பி வருவதா? அது எனக்கே தாங்காது. பிறகு வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷ விளையாட்டிலும் சரி, வெளியிலும் சரி, எங்களுக்கு நடக்காதது எது?

ஒன்றும் கேட்காமல் ஒருவன் உதவி செய்வது. அந்த ஒரு பஸ் பயணத்தைத் தவிர, அது நடக்கவில்லை.

கடைசி ஞாயிறு மூன்று பேர் உட்கார்ந்தோம். வெயில் காலம், நீர்த்தேக்கம் வற்றி, முழுகிப்போன பழைய மஸ்கெலியாக் கோயிலின் மேல்பகுதி தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். முழுகின ஒரு பட்டணம். அதற்கு மேலே கருத்த தண்ணீர். அக்கரையில் பூனையும் இரும்பனும் இத்தனை வருஷம் தேடி நடந்த சொந்த ஊர். (பழைய இரும்பன் செத்த பிறகு வந்த அவன் தம்பியும் இரும்பன்தான். மணிக்கு வேறு பெயர் பிடிக்காது, உனக்குத் தெரியும்.) இக்கரையில் ஒரு ஓடம். ஓடத்தில் ஒரு கிழவன்.

"ஏறுங்க" என்றேன், கிழவனாக.

"எவ்வளவு?" என்றான் மணி.

"ஒன்னும் வேணாம்."

மணி தொடையில் அடித்துச் சிரித்தான். "மச்சான், நான் எத்தன வருசமா பஸ்ஸுல தொங்குறேன். சும்மா ஏத்துறவன் எவன்டா? இவன் பேய்."

"காலப் பாக்கிறேன். தரையில பாவுதா?" என்றாள் சித்ரா.

"பாவுது. வெடிச்ச காலு."

"ஓடத்துக்கு அடியில ஓட்ட?"

"இல்ல."

"கெழவரே, எங்களுக்கு ஏன் ஒதவுறீங்க?"

"நீங்க அந்தப் பக்கம் போகணும்னு நிக்கிறீங்க. எங்கிட்ட ஓடம் இருக்கு."

"பாத்தியா, பதிலே சொல்ல மாட்டேங்குறான்!" என்றான் மணி.

நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவர்களை இன்னும் பயமுறுத்தியது. ஓடத்தில் ஏறின பிறகு மணி கிழவனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான், வாள் மடியில். சித்ரா முன்னால். நீ உட்கார்ந்து சொல்லும்போது வருமே, அந்த இறுக்கம் அறைக்குள் வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அக்கரையில் இறக்கிவிட்டு அவன் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவான். அப்போது இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

நடுத் தண்ணீரில், "கெழவர் துடுப்ப வச்சிட்டு, குனிஞ்சு பலகைக்கு அடியில கைய விடுறாரு" என்றேன்.

"கத்தி!" என்று மணி கத்தினான். "வெட்டுறேன்!" டின்னைக் குலுக்கிக் கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தான். இருபது. இத்தனை வருஷத்தில் நேர்மையாக அவனுக்கு விழுந்த இருபது அதுதான் என்று நினைக்கிறேன்.

கிழவன் சத்தமில்லாமல் சாய்ந்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"கையில என்னா?" என்று சித்ரா கேட்டாள்.

"ரொட்டி. வாழையெலையில சுத்தினது. சூடு ஆறல. ரெண்டு பேருக்கு."

சித்ரா டின்னைத் தள்ளி வைத்தாள்.

"அவன் யாரு, அண்ணே?"

"ஓடக்காரன்."

"மந்திரவாதி இல்ல?"

"இல்ல புள்ள."

"பேய்?"

"ஓடக்காரன். வேற ஒன்னும் இல்ல."

மணி எழுந்துவிட்டான். "அப்ப ஒழுங்கா சொல்லியிருக்கலாமே! நீ மொகத்த அப்படி வச்சிக்கிட்டிருந்தா நாங்க என்னாத்த நெனைக்கிறது?" எனக்கும் கோபம் வந்தது. "எப்படிடா சொல்றது? கேட்டதுக்கெல்லாம் உள்ளதத்தானே சொன்னேன்!" என்று நானும் கத்தினேன். சித்ரா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ரொட்டி அங்கே இருப்பது போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதத்தான் நான் கப்பல்ல நெனச்சிக்கிட்டுப் போகணுமா?"

அந்த ஒரு கேள்வியில் நான் செத்துப்போனேன், சூசை. அவளுக்கு ஒரு சந்தோஷத்தை மூட்டையில் கட்டிக் கொடுக்க நினைத்தவன், கொலையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவள் யோசிக்காததுதான். கேட்டதைத்தான் கொடுத்தேன். இதைக் கொடுக்கவா அவள் கேட்டாள்?

மணியின் குரல் இறங்கிவிட்டது. "மச்சான், திரும்பக் குலுக்குவோம்டா. கடைசி நாளு. புள்ள அழுகுது பாரு." விழுந்தது விழுந்ததுதான் என்பது உன் சட்டம். உன் ஆட்டத்தில் யாருக்காகவும் நீ அதை வளைத்ததில்லை. நான் வளைக்கத் தயாராக இருந்தேன். கொட்டையை எடுத்து டின்னுக்குள் போடக் கையை நீட்டிவிட்டேன்.

சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். செத்தவங்க செத்தவங்கதான். அத மாத்தி நமக்கு ஒன்னும் ஆகப் போறதில்ல." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "துடுப்பு எங்க?"

"தண்ணியில மெதக்குது."

"எடுக்கிறேன்."

"சரி. எந்தக் கரைக்கு?" என்றேன். முன்னே போனால் ஒரு கதை, பின்னே வந்தால் ஒரு கதை. இரண்டும் என்னிடம் இருந்தன.

"எந்தக் கரைக்கும் இல்ல. அண்ணன அந்தப் பக்கம் எறக்கி விடுறேன். விட்டுட்டு இங்க வர்றேன். யாராவது நிப்பாங்கள்ல, அவங்கள ஏத்துறேன். திரும்பப் போறேன்."

"உன் ஊரு அக்கரையில இருக்கே, புள்ள. அங்க போகத்தான இத்தன நாளு நடந்தோம்?"

"இவரு பாத்த வேலைய யாரு பாக்கிறது?"

பூனை திருடி. அவள் இத்தனை வருஷமும் செத்துக்கிடந்த பூதத்தின் பையைக்கூடத் தடவாமல் நகர்ந்தவள் இல்லை. என் கையில் கதை இல்லை.

"சொல்லுங்க அண்ணே. இக்கரைக்கு வந்துட்டேன். யாரு நிக்கிறாங்க?"

யார் நிற்கிறார்கள்? எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, நனையாமல் போக வழி தேடுகிற ஒரு கணக்கப்பிள்ளை.

"அவன்கிட்ட மட்டும் ரெண்டு டிக்கட் காசு வாங்கு" என்றான் அக்கரையில் இறங்கிவிட்ட மணி.

"வாங்க மாட்டேன்."

"சப்பாத்துக்காவது?"

"அண்ணே, ஒங்க பஸ்ஸ நீங்க பாருங்க. இது என் ஓடம்."

கணக்கப்பிள்ளையும் அவளை நம்பவில்லை. ஓடத்தின் அடியைத் தட்டிப் பார்த்தான், காலைப் பார்த்தான். சித்ரா அவனைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "நல்லாப் பாருங்க ஐயா. நாங்களும் இப்படித்தான் பாத்தோம்" என்றாள். கோயிலில் மாலை மணி அடிக்கும்வரை நான் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தேன். யார் வருவார்கள் என்று எனக்கே தெரியாமல்.

ஸ்டேஷனைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அந்த ரயில் புறப்படுகிறபோது எழுகிற ஓலத்தை மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. மணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான், பிறகு ஓடினான். சித்ராதான் எட்டிச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் வரணும்னா கூப்புடுங்க, அண்ணே. காசு வாங்க மாட்டேன்."

மணி பிளாட்பாரத்தின் கோடியில் நின்றுவிட்டான். நான் போய் அவன் தோளைப் பிடித்தபோது சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தான். அவளுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது? முகாமா, கல்லுடைக்கிற வேலையா, ஏஜெண்டிடம் ஏமாறுவதா? போனவர்கள் எழுதுகிற கடிதங்களில் நல்ல சேதி குறைவு. ஓடம் ஓட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவளைத்தான் மணி இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறான். அது நல்லதா கெட்டதா, நீ சொல்.

பழகினவர்களுக்கு அதிர்ச்சி கொடுப்பது கதைக்காரனின் வேலை என்று நினைத்திருந்தேன். அன்று அதிர்ந்துபோனவன் நான். நீ எல்லாவற்றையும் முன்கூட்டியே பின்னி வைத்துக்கொண்டுதான் வந்து உட்காருவாய் என்று நம்பியிருந்தேனே, அப்படி இல்லையா? பூதத்துக்குப் பல்வலி என்று உனக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்ததா? நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று பார்க்கத்தான் நீ மழையில் நனைந்து அத்தனை தூரம் நடந்து வந்தாயா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். பக்கத்தில் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. எதையெல்லாம் கேட்காமல் விட்டோம் என்பது, ஆள் போன பிறகுதான் வரிசையாக வருகிறது.

ஞாயிறு மணியோடு நான் மறுபடியும் உட்காரப் போகிறேன். அவன் தனியாகக் காம்பராவில் கிடந்தால் குடிப்பான். சித்ராவின் வேலைக்கு வந்திருக்கிற புதுப்பெண்ணும் வருகிறேன் என்றாள். அவள் விளையாட்டையே அறியாதவள், நாங்கள் அவளிடம் நன்றாக மாட்டப் போகிறோம். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், சூசை. முடிவை நான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக மாட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, அடுத்து யார் வருகிறார்கள் என்று அவர்களோடு சேர்ந்தே கேட்பேன். கரையில் யாராவது நின்றுகொண்டிருந்தால், ஏற்றாமல் போக மாட்டேன்.

உன் அம்மா சோறு போட்டுவிட்டு இப்போது "சின்னவனே" என்று கூப்பிடுகிற,
உன் தம்பி
தங்கராசு